குட்டியானையும் நானும்

செப்டம்பர் 14, வியாழன்

இன்றைக்கு வண்டியை நான் ஸ்டார்ட் பண்ணினேன்! சாவியைத் திருப்பியது என் கை!

ஓட்டவெல்லாம் இல்லை, நின்ற இடத்திலேயேதான். எடுக்காமலே நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடியே ஜன்னல் வழியாகச் சொன்னார். "கியர் குச்சிய ஆட்டிப் பாரு ஜோதி. ரெண்டு பக்கமும் லூசா ஆடணும். ஆடுதா?" ஆடியது. திருப்பினேன். ஒரு முக்கல், ஒரு இருமல், அப்புறம் மொத்த வண்டியும் தடதடவென்று உயிர் வந்து நடுங்கியது. அந்த நடுக்கம் சீட்டு வழியாக ஏறி என் பிடரி வரைக்கும் வந்தது. ஆறு வருஷமாக எங்கள் வாசலில் நிற்கிற சின்ன லோடு வண்டி, எல்லாரும் சொல்கிற குட்டியானை இது. இடப் பக்கம் உட்கார்ந்து கோயிலுக்குப் போயிருக்கிறேன், கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். ஸ்டியரிங்குக்கு முன்னால் இன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

"போதும், ஆஃப் பண்ணு" என்று அவர் சொன்னது காதில் விழவில்லை. ரொம்பக் கத்தின பிறகுதான் விழுந்தது.

நடந்ததையும் எழுதிவிடுகிறேன். உரக்கடையில் கொடுத்த இந்த டைரி வருஷ ஆரம்பத்திலிருந்து வெறுமனே கிடக்கிறது. போன வாரம் அழகம்மா அக்கா காட்டில் தக்காளி லோடு ஏற்றினார்கள். பெட்டிகளுக்கு மேலே நின்று கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், இன்னும் பெட்டி இருக்கிறது என்று நினைத்து வெறும் காற்றில் காலை வைத்துவிட்டார். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு துண்டு. ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது, வண்டியை நினைக்கவே கூடாது. சின்ன வயதிலிருந்து லோடு மேலே நின்று பழகியவர் பட்டப்பகலில் எப்படி விழுந்தார் என்று ஊரே கேட்கிறது. "கால் வழுக்கிருச்சு" என்கிறார்.

வண்டி ஓடினால்தான் எங்கள் வீடு ஓடும். அதுதான் விஷயம்.

செப்டம்பர் 15, வெள்ளி

இன்றும் ஸ்டார்ட் பண்ணினேன். பேட்டரிக்காகத்தான்.

செப்டம்பர் 17, ஞாயிறு

வெள்ளாடு இரண்டையும் கொடுத்தாயிற்று. மகள் கனிகா விளையாடிவிட்டு வந்து வெறும் பட்டியைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எல்லாம் புரிகிறது. நான் இந்த வாரம் முழுக்கத் தக்காளி பறிக்கப் போனேன். அழகம்மா அக்கா கேழ்வரகு கொண்டுவந்து இறக்கிவிட்டு, "திருப்பிக் குடுக்கறேன்னு வாயத் தொறந்த, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று மிரட்டிவிட்டுப் போனாள்.

வண்டிக்கு ஆள் போட்டுப் பார்த்தோம். அந்த டிரைவர் இரண்டு நாள் வந்தான், மூன்றாம் நாள் போனை எடுக்கவில்லை. பிக்அப் வைத்திருக்கிற காளிதாஸ் அண்ணன் நேற்று வந்து, "தண்டபாணி எந்திரிக்கிற வரைக்கும் ஊர் லோட நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் கைமாறிப் போன லோடு திரும்பி வருமா?

மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொல்வதுபோலச் சொன்னேன். "மாமா, நான் ஓட்டுனா என்ன?"

சிரிப்பார் என்று நினைத்தேன். இல்லையென்றால் திட்டுவார். எதற்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

"நாளைக்கே எல்.எல்.ஆர். போட்ருவோம்" என்றார்.

தயார் பண்ணின பதிலையெல்லாம் என்ன செய்வது என்று தெரியாமல் ரசம் ஊற்றினேன்.

செப்டம்பர் 20, புதன்

ஓட்டினேன்! ஓட்டினேன்! ஓட்டினேன்!

குளம் வறண்டு கிடக்கிறது. காளிதாஸ் அண்ணன்தான் வண்டியைக் குளத்துக்குள் இறக்கி நிறுத்திவிட்டு, "நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், ஆனா சாமியக் கும்பிட்டுக்கறேன்" என்றார். என் வீட்டுக்காரரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து கரையில் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தோம். அங்கிருந்து கத்தினால் கேட்காது என்று போனை ஸ்பீக்கரில் போட்டு வண்டிக்குள் வைத்தோம்.

"கிளட்ச்ச முழுசா மிதி. ஃபர்ஸ்ட் கியர். இப்ப மெதுவா விடு. மெதுவா. மெதுவாங்கறேன்ல!"

வண்டி ஒரு துள்ளு துள்ளிச் செத்துப்போனது. காளிதாஸ் அண்ணனின் தலை கண்ணாடியில் முட்டியது. மறுபடியும் துள்ளு. மறுபடியும் சாவு. எத்தனை தடவை என்று தெரியாது. கரையில் ஆடு மேய்க்கிறவர்கள், நூறு நாள் வேலைக்காரப் பெண்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

அப்புறம் ஒரு தடவை, என்ன மாறியது என்று தெரியவில்லை, காலுக்கடியில் கிளட்ச் ஒரு இடத்தில் 'இங்கேதான்' என்று சொன்ன மாதிரி இருந்தது. அங்கே பிடித்தேன். வண்டி நகர்ந்தது. நானாக நகர்த்தினேன்! குளத்தை ஒரு சுற்று சுற்றி வந்தேன். கரையில் அழகம்மா அக்கா குலவை போட்டாள்.

போனில் அவர் குரல், "அழுகாத. ரோடு தெரியாது."

அழவில்லை. புழுதி.

செப்டம்பர் 24, ஞாயிறு

கைக்கு வலி, தோளுக்கு வலி. கனவில்கூடக் கியர் மாற்றுகிறேன். காலையில் மாவரைக்கும்போது இடது கால் தானாக கிளட்ச் மிதித்தது. கனிகா பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஆடு போன பிறகு அவள் சிரித்தது இன்றைக்குத்தான்.

ரிவர்ஸ் எடுக்கப் பழகினேன். அவர் எதையும் ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுவார். கண்ணாடி விஷயத்தில் மட்டும் விடவே மாட்டேன் என்கிறார். "நேர மட்டும் பாத்தா பத்தாது. இந்தக் கண்ணாடி, அந்தக் கண்ணாடி. முன்னாடி வர்றவன் தெரிஞ்சு வர்றான். பக்கத்துல வர்றவன்தான் தெரியாம வருவான்." இதையே பாடமாகப் படிக்கிறார். ஒரு தடவை சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆனது. வலி போல.

செப்டம்பர் 28, வியாழன்

காபி டம்ளரை அவருக்கு இடது கைப் பக்கம் ஸ்டூலில் வைத்தேன். "காபி எங்க?" என்று கேட்டுக்கொண்டே கையை வீசித் தட்டிவிட்டார். கட்டில் விரிப்பெல்லாம் காபி. "கண்ணு முன்னாடி இருக்கு, தெரியலையா?" என்று கத்திவிட்டேன். மாத்திரை மயக்கம். பாவம்.

சாயங்காலம் குளத்தில் மேட்டில் நிறுத்தி எடுக்கப் பழகினேன். பின்னால் ஒரு சாண்கூட உருளாமல் எடுத்துவிட்டேன்!

அக்டோபர் 8, ஞாயிறு

ரோட்டுக்கு வந்துவிட்டேன். முன்னால் சிவப்பு எல் போர்டு. அவரே பக்கத்தில் உட்கார்ந்து வந்தார், காலை நீட்டித் தலையணை மேல் வைத்துக்கொண்டு. மெயின் ரோட்டில் எதிரே பஸ் வந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. அவர் நிதானமாக, "அவன் பாதையில அவன் போறான், உன் பாதையில நீ போ" என்றார். போனேன். பஸ் போய்விட்டது. நான் இருக்கிறேன்!

ஊர் எல்லையில் இடது பக்கத்திலிருந்து ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் அடித்தேன். "எதுக்கு நிறுத்துன?" என்று கேட்டார். மாடு அவர் பக்கத்து ஜன்னலை உரசிக்கொண்டு போய் முன்னால் வந்த பிறகுதான், "ஓ, மாடு" என்றார்.

வெயில் கண்ணில் அடித்திருக்கும்.

அக்டோபர் 19, வியாழன்

பாஸ்! பாஸ்! பாஸ்!

டெஸ்ட்டுக்கு வந்த பெண்களில் நான் மட்டும்தான் சேலை, நான் மட்டும்தான் லோடு வண்டி. மற்றவர்கள் எல்லாம் கார். ரிவர்ஸில் வளைத்து எடுக்கச் சொன்னார்கள். இரண்டு கண்ணாடியும் பார்த்து, ஒரு கம்பியையும் தொடாமல் எடுத்தேன். "எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் அதிகாரி. "குளத்துல சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வெளியே காத்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். நடு ரோட்டில், அத்தனை பேர் பார்க்க. கல்யாண மேடையில் பிடித்ததற்குப் பிறகு வெளியில் என் கையைப் பிடித்ததே இல்லை இந்த மனுஷன். விடவும் இல்லை. "இனி பயமில்ல" என்றார். எனக்குச் சொன்னாரா, அவருக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

அக்டோபர் 24, செவ்வாய்

நேற்று ஆயுத பூஜை. வண்டிக்கு மாலை, சந்தனம், வாழைக்கன்று, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். இன்றைக்கு முதல் லோடு. அழகம்மா அக்கா தக்காளி.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். அவ்வளவு லாரி, அவ்வளவு ஆம்பிளைகள், அவ்வளவு சத்தம். ஒருத்தர், "யக்கா, டிரைவர் எங்க?" என்று கேட்டார். "இங்கதான் இருக்கேன்" என்றேன். இரண்டு லாரிக்கு நடுவே சந்து மாதிரி ஒரு இடம்தான் கிடைத்தது. லோடு இறக்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க நின்றார்கள். ரிவர்ஸ் போட்டேன். இடது கண்ணாடி, வலது கண்ணாடி. ஒரே எடுப்பு! கையைக் கட்டியவர்களில் ஒருத்தர் கையை அவிழ்த்து, கடைசிக் கொஞ்சத்துக்கு "வாங்க, வாங்க, வாங்க, போதும்" என்று சைகை காட்டினார். தேவையே இல்லை. ஆனாலும் நன்றாக இருந்தது.

வரும் வழியில் டீக்கடையில் நிறுத்தி, தனியாக உட்கார்ந்து டீ குடித்தேன். தனியாக! கூட பஜ்ஜியும்.

நவம்பர் 3, வெள்ளி

தினமும் லோடு. நான் ஓட்டுகிறேன், அவர் கட்டிலில் இருந்தபடி போனில் லோடு பிடிக்கிறார். யார் காட்டில் என்ன பழுத்திருக்கிறது, எந்த வண்டிப்பாதையில் எங்கே சேறு என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. நேற்று பின் டயர் பஞ்சர், நானே மாற்றினேன். கனிகா வகுப்பில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். அவளுடைய டீச்சர் என்னைப் பார்க்க வேண்டும் என்றாராம்!

நவம்பர் 8, புதன்

செக்கப்புக்குப் போனோம். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி தடி ஊன்றி நடக்கலாம். டிசம்பரில் தடி வேண்டாம், வண்டியும் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்னார்.

சந்தோஷம்தான்.

நவம்பர் 9, வியாழன்

பீன்ஸ் லோடு. சாயங்காலம் பாத்திரம் கழுவினேன்.

நவம்பர் 14, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

நான் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. முன்னால் ஓடி வந்தால், அவர் டிரைவர் சீட்டில். தடியைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். "காலப் பழக்கிப் பாக்கறேன். தெரு முனை வரைக்கும்தான்" என்று சொல்லிக்கொண்டே நகர்த்தினார். அந்த நேரம் இடது பக்கச் சந்திலிருந்து கனிகா சைக்கிளில் வந்தாள். ஸ்கூல் விட்டு வருகிற நேரம். வெளிச்சம் நன்றாக இருக்கிறது. எனக்குத் தெரிகிறது, எதிர் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது. அவர் நேரே பார்த்துக்கொண்டே வண்டியை விட்டார்.

நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. கனிகா குதித்துவிட்டாள். சைக்கிள் முன் சக்கரம் வண்டிக்கடியில் நசுங்கிய சத்தத்தில்தான் அவர் நிறுத்தினார்.

அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அது போதும். அது போதும் சாமி.

அவர் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியல ஜோதி. எம்புள்ள வந்தது எனக்குத் தெரியல."

"சரி, எறங்குங்க."

"ரெண்டு பக்கமும் இருட்டா இருக்கு. ஒரு வருஷமாச்சு. குழாய்க்குள்ள பாக்கற மாதிரி, நேரா இருக்கறது மட்டும் தெரியுது. அன்னிக்கு லோடு மேல நிக்கையில பெட்டி முடிஞ்சது எனக்குத் தெரியல."

"டாக்டர்கிட்டப் போயிருக்கலாம்ல?"

"போனா ஓட்டாதன்னு சொல்வாரு. அப்புறம் சாவிய யாரு கையில குடுக்கறது? வேற யாரு இருக்கா நமக்கு?" சாவியை உருவிக்கொண்டே, "நீ கேட்ட பாரு, நான் ஓட்டுனா என்னன்னு. அன்னிக்குத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு" என்றார்.

இப்படியே ஒரு வருஷம் ரோட்டில் ஓட்டியிருக்கிறார். கோபம் வருகிறது. அழுகை வருகிறது. காபி டம்ளரைத் தட்டினதற்குக் கத்தினேனே என்று நினைத்தால் வேறு என்னவோ வருகிறது. கனிகா வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சிராய்ப்புக்கு அவர் கையாலேயே மருந்து போட்டுக்கொண்டாள்.

நவம்பர் 16, வியாழன்

திண்டுக்கல் கண் ஆஸ்பத்திரி. வண்டியை நான்தான் ஓட்டிப் போனேன். கண்ணுக்குள்ளே நீர் அழுத்தம் கூடி நரம்பு கெட்டிருக்கிறதாம். போன பார்வை வராது. இருக்கிறதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம், ஒரு நாள்கூட விடக் கூடாது. நடக்கலாம், காட்டு வேலை செய்யலாம், படிக்கலாம். ஓட்டக் கூடாது.

"இருக்கறது தங்கிருமா டாக்டர்?" என்று அவர் கேட்டார்.

"மருந்து விடாம போட்டா, பெரும்பாலும் தங்கும்."

வரும் வழியில் நான் வண்டியை நிறுத்தி இரண்டு இளநீர் வாங்கினேன். குடித்து முடித்துவிட்டு, "ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றார். சரி என்றேன்.

நவம்பர் 23, வியாழன்

என்ன நாள் இது! எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, வரிசையாக எழுதுகிறேன்.

மூன்று நாளாக மழை. ஓடைக்கு அக்கரையில் கரட்டுப் பாறைக் குன்றின் அடிவாரக் காடுகளில் சின்ன வெங்காயம் பிடுங்கிப் போட்டிருந்தார்கள், தக்காளியும் பழுத்து நிற்கிறது. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் தரைப்பாலம் மூழ்கும், பத்து நாளைக்குப் போக்குவரத்து இல்லை, எல்லாம் அழுகிப்போகும். ஊரில் பாதி வீட்டுக்கு இந்த வருஷத்து வெள்ளாமையே அதுதான். காளிதாஸ் அண்ணன் காலையிலேயே பிக்அப்பை விட்டுப் பார்த்தார், காட்டுப் பாதையில் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டது. டிராக்டர் கட்டித்தான் இழுத்தார்கள். டிராக்டர் பெட்டி திரும்பவும் இடமில்லை, சின்ன வண்டியால்தான் உள்ளே போக முடியும் என்றார்.

போனேன். ஊரே வந்தது. ஆம்பிளைகள் மூட்டை தூக்க, பெண்கள் பெட்டி நிரப்ப, சக்கரத்துக்கடியில் தென்னை மட்டை போட்டுப் போட்டு வண்டியை நகர்த்தினார்கள். அக்கரையில் ஏற்றி இக்கரையில் கோயில் மண்டபத்தில் இறக்கினோம். மறுபடி ஏற்றினோம், மறுபடி இறக்கினோம். அவர் தடியை ஊன்றிக்கொண்டு, தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பாலத்து முகப்பில் நின்றார். பாலத்து ஓரத்தில் தண்ணீர் மட்டம் பார்க்க நட்ட கல் ஒன்று உண்டு. அந்தக் கல்லையே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஏறாத வரைக்கும் விசில் இல்லை. விசில் அடித்தால் நிறுத்து. அதுதான் ஏற்பாடு.

மத்தியானம் தாண்டி, கடைசி லோடு. அழகம்மா அக்கா வெங்காயமும் இன்னும் இரண்டு வீட்டுத் தக்காளியும். பாலத்துக்கு வந்தேன். விசில்.

தண்ணீர் பாலத்து மேலே வழிய ஆரம்பித்திருந்தது. கணுக்கால் அளவுகூட இருக்காது. பாய்ந்தால் போய்விடலாம் என்று காலெல்லாம் துடித்தது. அழகம்மா அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "போயிரலாம்டி, போயிரலாம்" என்றாள். விசில் நிற்காமல் அடித்தது. ரிவர்ஸ் போட்டேன். பின்னால் எடுத்து மேட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், செம்மண் தண்ணீர் ஒரு மரத்தையே புரட்டிக்கொண்டு பாலத்து மேலே போகிறது. அழகம்மா அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

நாங்கள் அக்கரை, ஊர் இக்கரை. போன் அடித்தது.

"ஜோதி, டீசல் எவ்வளவு இருக்கு?"

"முக்கால் டேங்க் இருக்கு."

"கரட்டச் சுத்திப் பழைய குவாரிப் பாதை ஒண்ணு உண்டு. மெயின் ரோட்டுல போய் ஏறும். நான் போய் ரொம்ப வருஷமாச்சு. பாறைத் தரை, சேறு இருக்காது. போறியா?"

"போறேன்."

"நான் சொல்லச் சொல்லப் போ."

போன் ஸ்பீக்கரில். அழகம்மா அக்கா மடியில் பிடித்துக்கொண்டாள். "புளிய மரம் வருதா? அதத் தாண்டி வலது. மேடு ஏறும், ஃபர்ஸ்ட் கியர்லயே போ, நடுவுல மாத்தாத." மேடு ஏறியது. லோடு பின்னால் இழுக்கிறது, மழை கண்ணாடியை அடிக்கிறது, வைப்பர் அழுதுகொண்டே ஆடுகிறது. உச்சியில் ஏறின உடனே சொன்னார்: "இப்ப எறக்கம். பிரேக்க மட்டும் நம்பாத, கியர்லயே எறக்கு. கீழ பாதை ரெண்டாப் பிரியும், அங்க நீ"

கட்.

டவர் இல்லை. அக்கா போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள், தலைக்கு மேலே தூக்கினாள், அதைத் திட்டினாள். ஒன்றும் இல்லை.

கியரிலேயே இறக்கினேன். சொன்ன மாதிரியே பாதை பிரிந்தது. இடது பக்கம் அகலமாக, சமமாக, வா என்று கூப்பிட்டது. வலது பக்கம் குறுகல், கல்லும் முள்ளும். யாராக இருந்தாலும் இடதுதான் போவார்கள். நானும் ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டேன். அப்புறம் என்னவோ தோன்றி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, இறங்கி நடந்தேன். இருபது அடிகூட நடக்கவில்லை. அகலப் பாதை ஒரு வளைவு வளைந்து சட்டென்று முடிந்தது. அந்தப் பக்கம் குவாரிக் குழி. அடி தெரியாத பச்சைத் தண்ணீரில் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து சக்கரத்துக் கல்லை எடுத்தேன்.

"என்னடி பாத்த?" என்று அக்கா கேட்டாள். "ஒண்ணுமில்ல, வலது பக்கம் போறோம்" என்றேன்.

முள் இரண்டு பக்கமும் வண்டியைக் கீறியது. ஒரு பாறை வழியை மறித்தது, இரண்டு பேரும் வண்டியில் கிடந்த கடப்பாரையால் நெம்பி உருட்டினோம். மறுபடி ஏற்றம், மறுபடி இறக்கம். திடீரென்று சக்கரத்துக்கடியில் சத்தமே இல்லை. வழவழ. தார் ரோடு! அழகம்மா அக்கா போட்ட குலவையில் ரோட்டில் போன பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நானும் போட்டேன். எனக்குக் குலவை போட வரும் என்று எனக்கே தெரியாது!

டவர் வந்ததும் போன் அலறியது.

"எந்தப் பக்கம் போன? எந்தப் பக்கம் போன ஜோதி?"

"வலது."

"இடது பக்கம் குழி இருக்குன்னு சொல்றதுக்குள்ள லைன் போயிருச்சு. அங்கயிருந்து இது வரைக்கும் நான்…"

"பாத்துட்டேன் மாமா. எறங்கிப் போய்ப் பாத்துட்டேன்."

மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார், காளிதாஸ் அண்ணன் பிக்அப்பில் வந்து. சொட்டச் சொட்ட நனைந்து, தடியோடு. என் முகத்தை நேராகப் பார்த்தார். நேராக இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

நவம்பர் 25, சனி

மண்டபத்து வெங்காயம் முழுக்கக் காய்ந்து மார்க்கெட் போய்விட்டது. அழகம்மா அக்கா பெட்டை ஆட்டுக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்து கனிகா கையில் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். சொட்டு மருந்து தவறவில்லை.

டிசம்பர் 4, திங்கள்

கால் டாக்டர் தடியை விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மார்க்கெட்டுக்கு வந்தோம், தக்காளி லோடு இறக்க. அவர் தடியில்லாமல் நடந்து வருவதைப் பார்த்ததும் லோடுக்காரர்கள், டிரைவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஒரே சத்தம்.

காளிதாஸ் அண்ணன் அவர் தோளில் தட்டி, "அப்புறம் தண்டபாணி, நாளையில இருந்து வண்டி எடுக்கற? ஜோதிக்கு ரெஸ்ட் குடு" என்றார்.

நான் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டுவதை நிறுத்தவில்லை, தலையையும் தூக்கவில்லை. அவர் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றிருந்தார், நானும் சரி என்றிருந்தேன். கால் இன்னும் கொஞ்சம் வலிக்கிறது என்று ஏதாவது சொல்வார், அப்படியே இன்னும் ஒரு மாதத்தைக் கடத்தலாம் என்று நினைத்தேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கண்ணு போச்சுப்பா. பக்கத்துல எது வந்தாலும் தெரியாது. இனி நான் வண்டி எடுக்க மாட்டேன்."

காளிதாஸ் அண்ணன் கை அவர் தோளிலேயே இருந்தது.

"வண்டி அவளோடது" என்றார் அவர். "லோடு வேணும்னா எனக்குப் போன் பண்ணுங்க. நான் அவகிட்டக் கேட்டுச் சொல்றேன்."

யாரோ முதலில் சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும். அவரும்.

பெட்டியெல்லாம் இறங்கின பிறகு நான் ஸ்டார்ட் பண்ணினேன். அவர் வண்டியைச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து, ஜன்னலில் முழங்கையை வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகிற பயணி மாதிரி, "போலாம்" என்றார்.

இரண்டு கண்ணாடியும் பார்த்தேன். கிளம்பினோம்.